சாட்சி ஜெனீற்றாவாம்

ஜெனீற்றா கதைக்கத் தொடங்கினால் எதிர்க்கரையில் காரைநகருக்கும் கேட்கும் என்று அவளுடைய மனுசன் கிறிஸ்தோப்பர் சொல்லுவார். ஊர்காவற்றுறையில் அவளைத் தெரியாத ஆட்கள் இல்லை. விடியப்புறம் இடியப்பம் அவித்து, சம்பலும் சொதியும் வைத்து, சந்தியில் உள்ள சாப்பாட்டுக்கடைகளுக்குக் கொடுப்பாள். கொடுத்துவிட்டுச் சும்மா திரும்ப மாட்டாள். கோயில் பெருநாளுக்குப் பந்தல் யார் போடுவது, தண்ணி கொண்டுவருகிற பவுசர் ஏன் வரவில்லை, எந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அதை மனதுக்குள் வைத்திருக்கிற பழக்கம் மட்டும் இல்லை. அந்த வாய்தான் பிறகு அவளுக்கு வினையாக வந்தது.

இடியப்பத் தொழிலுக்கு முதல் அவள் கடற்கரையில் இருந்த அரசாங்க விடுதி ஒன்றில் சமைத்தவள். அங்கே மூன்று பெண்கள் வேலை செய்தார்கள். பெரிய சமையற்காரி மேரிஜோசப்பின் என்பவர், பின்னாளில் பிரான்சுக்கு மகளிடம் போய்விட்டார். அவருக்குக் கீழே ஜெனீற்றா. அறைகளைக் கூட்டி, படுக்கைவிரிப்புகளைத் தோய்த்துக் காயப்போட மடத்துவெளியிலிருந்து அஜந்தா வருவாள். அஜந்தா கலியாணம் கட்டாதவள். மாடு வளர்க்கிற தமையன் நாகமுத்துவோடு இருந்தாள். ஒரு நாள் முழுக்க ஒன்றாக வேலை செய்தாலும் நாலு வார்த்தைக்கு மேல் கதைக்க மாட்டாள். அவளுக்குரிய பங்கையும் சேர்த்து ஜெனீற்றாவே கதைத்துக்கொள்வாள்.

அந்த விடுதிக்கு ஒருமுறை நாட்டின் ஜனாதிபதி ஓய்வெடுக்க வந்தார். அப்போது அவர் பதவியில் இருந்த காலம். ஒடியல் கூழ் வேண்டுமென்று கேட்டார். ஜெனீற்றா நண்டும் கணவாயும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். அதே நாட்களில் தினுக்க என்ற ஒரு சிங்களப் பெடியனும் அங்கே தங்கியிருந்தான். ஆளில்லாத ஒரு சின்னத் தீவை அளக்க வந்த சேவையர். பெரிய கொம்பனி ஒன்று அந்தத் தீவை எடுத்து ஹோட்டல் கட்டப் போகிறதென்று கதை அடிபட்டது. தினுக்க குசினி வாசலில் வந்து நின்று, அரைகுறைத் தமிழில், கறிக்கு இன்னும் உறைப்புப் போடுங்கோ அக்கா என்று கேட்பான். அவன் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிடுவதைப் பார்த்து அவள் சிரிப்பாள்.

ஜனாதிபதி ஹெலியில் போய்விட்டார், எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று ஒரு பின்னேரம் வேலையாட்களை அனுப்பினார்கள். இரண்டொரு நாளில் தினுக்கவின் உடல் அனலைதீவுப் பக்கம் கரையொதுங்கியது. குளிக்கப் போய்க் கடலில் மூழ்கிவிட்டான் என்றார்கள். ஜெனீற்றா குசினியில் இருந்து அழுதாள். பிறகு அவளும் அப்படித்தான் நம்பினாள். நம்பாமல் இருந்தால் அடுத்து என்ன செய்வது என்று அந்த நாட்களில் யாருக்கும் தெரியாது. கொஞ்சக் காலத்தில் விடுதியும் பூட்டப்பட்டது.

வருடங்கள் போயின. அந்த ஜனாதிபதியும் பதவியில் இருந்து இறங்கினார். புதிதாக வந்தவர்கள் அவரை விசாரிக்க ஒரு விசேட விசாரணையாளரை நியமித்தார்கள். அந்தத் தீவு விவகாரமும், அதை அளக்க வந்த சேவையர் பெடியனின் சாவும் அந்த விசாரணைக்குள் வந்தன. அன்றிலிருந்து நாடு முழுக்க ஒரே ஊகம்தான். தொலைக்காட்சியில் சட்டத்தரணிகள் வாதாடினார்கள். ஊர்காவற்றுறைச் சலூனிலும், கடலைக் கடக்கிற பாதை என்ற மிதவையில் காரைநகருக்குப் போகிறபோதும் அதே பேச்சு. அவரைப் பிடிக்கப் போகிறார்களாம். இல்லை, வெளிநாட்டுக்குப் போக ஒழுங்கு செய்துவிட்டாராம். உள்ளுக்குள் எல்லாம் பேசி முடித்தாயிற்றாம். அவர் பெடியன் சாவதற்கு முதல் நாளே தீவை விட்டுப் போய்விட்டார் என்பதால் வழக்கு நிற்காதாம். ஜெனீற்றாவும் கடை வாசலில் நின்று தன் பங்குக்கு ஊகித்தாள். அவருக்குக் கூழ் காய்ச்சிக் கொடுத்தவள் என்பதால் அவளுடைய கதைக்கு மதிப்பு இருந்தது. கேட்டவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவளும் சொன்னாள்.

யாழ்ப்பாணத்தில் சுதன் என்றொருவன் யூரியூப்பில் அரசியல் செய்தி சொல்பவன். ஒரு நாள் அவன், முக்கியமான சாட்சி தீவகத்தைச் சேர்ந்த ஒரு பெண், அந்த விடுதியில் வேலை செய்தவர், விரைவில் வாய் திறப்பார் என்று சொன்னான். பெயர் சொல்லவில்லை. பெயர் தேவைப்படவும் இல்லை. விடுதியில் வேலை செய்த பெண்களில் வாய் திறக்கக்கூடியவள் ஒருத்திதான் என்று ஊரே முடிவெடுத்தது. பின்னேரம் ஆவதற்குள் சாட்சி ஜெனீற்றாவாம் என்ற கதை வேலணை வரைக்கும் போய்விட்டது.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் குசினிக்குள்ளே நின்றவள், எனக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். பிறகு கோபம் வந்தது. கோயிலில், சந்தியில், சங்கக்கடையில் என்று எல்லா இடத்திலும் நின்று இல்லை இல்லை என்று சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல, பாவம், சொல்லவேண்டாமென்று வெருட்டியிருக்கிறார்கள் போல என்றார்கள்.

ஒரு காலை, கடைக்காரர் அவளைக் கண்டதும் உள்ளே போய்விட்டார். அவருடைய மகன் வந்து, இனி இடியப்பம் வேண்டாம் அன்ரி, வீட்டிலேயே அவிக்கிறோம் என்றான். அடுத்த கடையிலும் அதே பதில். அவித்த இடியப்பத்தை அவள் திரும்பக் கொண்டுவந்து கோழிகளுக்குப் போட்டாள். இலக்கத்தகடு இல்லாத ஒரு மோட்டார்சைக்கிள் அவர்களுடைய ஒழுங்கை முகப்பில் நிற்கத் தொடங்கியது. அதில் வருபவன் யாரோடும் கதைப்பதில்லை. வேலியைப் பார்த்தபடி இருப்பான். கொஞ்ச நேரத்தில் போய்விடுவான். அடுத்த நாள் வேறு நேரத்தில் வருவான். ஒழுங்கையில் விளையாடுகிற பிள்ளைகளைத் தாய்மார் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

கிறிஸ்தோப்பர் அமைதியான மனிதர். அவர் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எனக்கும் சொல்லாமல் ஏதாவது சொல்லிவிட்டாயா என்று. அவள் சத்தியமாக இல்லை என்றாள். அவர் நம்பினார். ஆனால் மகள் பிரியவதனியைக் கொஞ்ச நாளைக்கு வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் வவுனியாவில் விடுதியொன்றில் தங்கி நேர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் கோயிலுக்குச் சைவச் சனமும் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை பூசை முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் அஜந்தா வந்து ஜெனீற்றாவுக்குப் பக்கத்தில் நின்றாள். நெடுநாளைக்குப் பிறகு கண்டது. ஜெனீற்றா சந்தோசப்பட்டு, தன்னுடைய துன்பத்தை எல்லாம் கொட்டத் தொடங்கினாள். அஜந்தா கேட்டுக்கொண்டு நின்றாள். திரியைக் கொளுத்தாமலே கீழே வைத்தாள்.

"அக்கா, அது நான்" என்றாள்.

பிறகு குனிந்தபடி, துண்டு துண்டான வார்த்தைகளில் சொன்னாள். வேலையாட்களை அனுப்பிய அடுத்த நாள் மழை இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. கொடியில் விட்டுவிட்டு வந்த விரிப்புகள் நனைந்தால் ஏச்சு விழும் என்று அவள் பின்பக்க வேலியால் விடுதிக்குப் போயிருக்கிறாள். அங்கே இரண்டு பேர் தினுக்கவை நடுவில் பிடித்துக்கொண்டு படகுக்குக் கூட்டிப்போனார்கள். அவன் முழுக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டிருந்தான். விறாந்தையில் ஒருவர் கதிரையில் இருந்து இளநீர் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாளே போய்விட்டதாக எல்லோருக்கும் சொல்லப்பட்ட அதே ஜனாதிபதி.

இவ்வளவு காலமும் அவள் தமையனுக்குக்கூடச் சொல்லவில்லை. தினுக்கவின் தாய் தொலைக்காட்சியில் அழுததைப் பார்த்த பிறகுதான் விசாரணை அலுவலகத்துக்குத் தானாகவே அறிவித்திருக்கிறாள். வாற வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்தில் வைத்து அவளை ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோவார்களாம். அதுவரைக்கும் யாருக்கும் தெரியக்கூடாதாம்.

ஜெனீற்றா தன் துன்பக் கதையை அதோடு விட்டாள். சுற்றிவரப் பார்த்தாள். கோயில் முற்றத்தில் யாரும் இல்லை.

"நீர் இண்டைக்கு என்னைக் காணேல்லை. நானும் உம்மைக் காணேல்லை" என்றாள். "மற்றப் பக்கத்துப் படியாலை இறங்கிப் போம்."

அன்றிலிருந்து அவள் இல்லை என்று சொல்வதை நிறுத்தினாள். அதற்காக ஓம் என்றும் சொல்லவில்லை. யாராவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு, அதைப்பற்றிக் கதைக்க ஏலாது என்றாள். அது போதுமாக இருந்தது. இவ்வளவு நாளும் அரைகுறையாகச் சந்தேகித்தவர்களும் இப்போது நிச்சயப்படுத்திக்கொண்டார்கள். சுதன் அவளுடைய வீட்டுப் படலைக்கு வந்து காணொளி எடுத்துக்கொண்டு போனான். அவள் யன்னலைச் சாத்தியதையும் எடுத்தான்.

வியாழன் காலை கிறிஸ்தோப்பர் கரைக்குப் போனபோது அவருடைய படகின் அடியை யாரோ கோடாலியால் கொத்தியிருந்தார்கள். எஞ்சினைக் கழற்றிக் கடலுக்குள் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் படகுக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் கிட்ட வரவில்லை. அவர் வீட்டுக்கு வந்து வாசற்படியில் இருந்தார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது.

"சாட்சி ஆரெண்டு உனக்குத் தெரியும். என்ன?"

அவள் போய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீ பேரைச் சொன்னால் எங்களுக்கு இது முடிஞ்சிடும், ஜெனீற்றா."

"எங்களுக்கு முடிஞ்சு அவளுக்குத் தொடங்கும்" என்றாள் அவள்.

 அவர் எழும்பிக் கரைக்குப் போய்ப் படகின் உடைந்த பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். மத்தியானம் அவள் சாப்பாடு கொண்டுபோனபோது, நாளைக்கு என்ன செய்யப்போகிறாய் என்று மட்டும் கேட்டார். மடு மாதா கோயிலுக்குப் போகப்போகிறேன் என்றாள். அவர், வவுனியாவில் இறங்கினால் பிள்ளையையும் பார்த்துவிட்டு வா என்றார்.

வெள்ளிக்கிழமை அவள் பெருநாள் சீலையைக் கட்டிக்கொண்டு, ஒரு பயணப் பையையும் தூக்கிக்கொண்டு, ஊர்காவற்றுறைச் சந்தியில் எல்லோரும் பார்க்க பஸ் ஏறினாள். யாழ்ப்பாணத்தில் இறங்கி, சத்தமாக விசாரித்து, கொழும்பு பஸ்ஸுக்கு ரிக்கெற் எடுத்தாள். நீலச் சேட்டுப் போட்ட ஒருவன் அவளுக்குப் பின்னால் ஏறினான். வேறு யாரோ அவளைப் படம் பிடித்தார்கள். பஸ் ஆனையிறவு தாண்டுவதற்கிடையில், சாட்சி கொழும்புக்குப் புறப்பட்டார் என்று சுதனின் செய்தி வந்துவிட்டது. முன் ஆசனத்தில் இருந்த பெண் அதைப் போனில் பார்த்துவிட்டு, திரும்பி இவளைப் பார்த்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு இடத்தில் போய் இருந்தாள். அப்போது அஜந்தாவின் வாகனம் எங்கே போய்க்கொண்டிருந்ததோ ஜெனீற்றாவுக்குத் தெரியாது. அவள் செபமாலையை உருட்டியபடி இருந்தாள். 

வவுனியாவில் அவள் இறங்கினாள். நீலச் சேட்டுக்காரனும் இறங்கினான். மடுவுக்கு வேறு பஸ் எடுத்தாள். கோயில் முற்றத்தில் மரநிழலில் ஒரு வாங்கில் இருந்தபோது அவன் வந்து பக்கத்தில் இருந்தான். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். நல்ல யாழ்ப்பாணத் தமிழ் கதைத்தான்.

"கொழும்புக்கெண்டல்லோ ரிக்கெற் எடுத்தனீங்கள், அக்கா?"

"மாதா கூப்பிட்டவ. இறங்கியிட்டன்."

அவன் சிரித்தான். பிறகு கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பிரியவதனியைப் பற்றிக் கதைத்தான். நல்ல பிள்ளை, படிப்பில் கெட்டிக்காரி, விடுதியில் மேல்மாடியில் இரண்டாவது அறை, ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் கோயிலுக்கு நடந்துபோகிறாள் என்றான்.  அஜந்தாவின் பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது என்று ஜெனீற்றா பின்னர் கிறிஸ்தோப்பரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். ஆனால் அப்போது அவள் அவனுடைய முகத்தை நேரே பார்த்தாள்.

"ஓம், நல்ல பிள்ளை. நீர் ஆரின்ரை பிள்ளை?"

 அந்த நேரத்தில் அவனுடைய போன் அடித்தது. எழும்பி நாலடி தள்ளிப்போய்க் காதில் வைத்தான். கேட்கக் கேட்க அவனுடைய முகம் மாறியது. திரும்பி அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு ஓட்டமும் நடையுமாக வாசலை நோக்கிப் போனான். அஜந்தா கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஜெனீற்றாவுக்கு விளங்கியது. அன்றே மகளைக் கூட்டிக்கொண்டுபோய் மன்னாரில் தன் சகோதரி வீட்டில் விட்டாள்.

அஜந்தா சாட்சி சொன்னாள். மூடிய அறையில் இரண்டு நாள் பதிவு செய்தார்கள் என்று செய்தி வந்தது. பெயர் வெளிவரவில்லை. நாகமுத்துவிடம் மட்டும் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, தங்கச்சி பாதுகாப்பான இடத்தில் இருக்கிறா, விசாரணை முடிந்ததும் அனுப்புவோம் என்று சொல்லிவிட்டுப் போனது. விசேட விசாரணையாளர் அறிக்கையைக் கையளித்தார். அது வெளியிடப்படவில்லை. அடுத்த மாதம் வரும் என்றார்கள். அடுத்த மாதமும் அதையே சொன்னார்கள். பழைய ஜனாதிபதி ஒரு கலியாண வீட்டில் சிரித்துக்கொண்டு நின்ற படம் பத்திரிகைகளில் வந்தது. ஊர்ச் சனம், ஜெனீற்றா பயந்துபோய்ப் பாதி வழியில் இறங்கிவிட்டாள், அதனால்தான் அந்த ஆள் தப்பினான் என்று கதைத்தது. அவள் அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கிறிஸ்தோப்பர் இன்னொருவரின் படகில் கூலிக்குப் போனார்.

மழைக்காலம் தொடங்கியபோது விசாரணை அலுவலகத்திலிருந்து ஓர் ஆணும் பெண்ணும் வீட்டுக்கு வந்தார்கள். தேநீர் வேண்டாம் என்றார்கள். கதிரை நுனியில் இருந்துகொண்டு, அஜந்தா உங்களோடு ஏதாவது தொடர்புகொண்டாவா என்று கேட்டார்கள். போன் எடுத்தாவா, யாரிடமாவது சொல்லி அனுப்பினாவா என்றார்கள்.

ஜெனீற்றா ஒருவர் முகத்தில் இருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்தாள்.

"அவள் உங்களிட்டையல்லோ இருக்கிறாள்?"

அந்தப் பெண் தன் கைப்பையைத் திறந்து மூடினாள். ஆண், சும்மா வழமையான கேள்விதான் என்றான். இருவரும் எழும்பிப் போய்விட்டார்கள்.

அவள் அடுத்த பஸ்ஸில் மடத்துவெளிக்குப் போனாள். நாகமுத்து மாடுகளைப் பட்டியில் அடைத்துக்கொண்டு நின்றார். அறுபதை நெருங்கிய மனிதர். அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு உள்ளே போய்ச் சேட்டை மாற்றிக்கொண்டு வந்தார். இந்தமுறை ஜெனீற்றா உண்மையாகவே கொழும்புக்குப் போனாள். யாரும் படம் பிடிக்கவில்லை.

விசாரணை அலுவலகத்தில் அவர்களை மரியாதையாக நடத்தினார்கள். குளிரூட்டிய அறையில் இருத்தினார்கள். அஜந்தாவைப் பார்க்க முடியாது, இடத்தையும் சொல்ல முடியாது, ஆனால் கதைக்கலாம் என்றார்கள். ஓர் அதிகாரி இலக்கத்தை அழுத்தி, போனை மேசையில் வைத்தார். வாசலில் இருவர் வந்து நின்றார்கள்.

"அண்ணா, நான் சுகமா இருக்கிறன். நீங்கள் யோசிக்காதேங்கோ. ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்காமல் வீட்டை போங்கோ" என்றது ஒரு பெண் குரல்.

நாகமுத்து போனுக்குக் கிட்டக் குனிந்து, சாப்பிடுகிறாயா, மருந்து போடுகிறாயா என்று கேட்டார். குரல் ஓம் ஓம் என்றது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிகாரிக்கு நன்றி சொன்னார். ஓம் ஐயா, என்ரை தங்கச்சிதான், எனக்கு இது போதும் என்று கைகூப்பினார். ஜெனீற்றா அவருக்குப் பின்னால் நடந்து வெளியே வந்தாள்.

யாழ்ப்பாணம் போகிற ரயிலில் வெயில் யன்னலால் விழுந்துகொண்டிருந்தது. அனுராதபுரம் வரைக்கும் அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள். இந்தக் கிழவனுக்குக் கிடைத்த ஆறுதலைப் பறிப்பதா என்று யோசித்தாள். அதற்கு மேல் ஏலவில்லை.

"அண்ணை, அவள் உங்களை ஒருநாளும் அண்ணா எண்டு கூப்பிட்டதில்லை. அண்ணை எண்டுதான் சொல்லுவாள். அது அவளின்ரை குரலே இல்லை."

நாகமுத்து வெளியே ஓடுகிற வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு முதல் சொல்லிலையே தெரியும், பிள்ளை" என்றார். "அந்த அறைக்குள்ளை இருந்துகொண்டு இல்லையெண்டு சொல்லியிருந்தால் எங்களை வெளியிலை விட்டிருப்பினமோ?"

 யாழ்ப்பாண நிலையத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக ஒரு சட்டத்தரணியிடம் போனார்கள். ஆட்கொணர்வு மனுவில் நாகமுத்து கையெழுத்து வைத்தார். ஜெனீற்றா சாட்சியாகத் தன் பெயரைக் கொடுத்தாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஒவ்வொரு தவணையிலும் எதிர்த்தரப்பு இன்னும் அவகாசம் கேட்கிறது. அறிக்கையில் என்ன இருக்கிறது, அவரைப் பிடிப்பார்களா என்று நாடு இப்போதும் ஊகித்துக்கொண்டிருக்கிறது. தவணை நாட்களில் நாகமுத்து விடியவே மாடுகளுக்குத் தண்ணி வைத்துவிட்டு நீதிமன்றத்துக்குப் புறப்படுவார். வேலணையில் அவர் ஏறும்போது, ஊர்காவற்றுறை பஸ்ஸில் ஜெனீற்றா அவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பாள்.